சபை மாறினாரா, சபையே பிரிந்ததா?

வணக்கம். உங்கள் மனைவியின் பென்சில்வேனியா முன்னோர் ஒருவர் பதிவுகளில் முதலில் ஃபிராங்கோனியா மாநாட்டிலும், பிறகு கிழக்கு மாவட்ட மாநாட்டிலும் வருகிறாரே, சபை மாறினாரா என்று கேட்டிருந்தீர்கள். அவர் இருந்த இடத்திலேயே இருந்திருக்கலாம், சபைதான் இரண்டானது.

அவர் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். மெனோனைட்டுகளிடம் மாநாடு என்பது வெறும் கூட்டமில்லை, நம்ம ஊர் திருமண்டலம் மாதிரி வட்டார அமைப்பு. ஃபிராங்கோனியா மாநாட்டில் இருந்த ஜான் ஓபர்ஹோல்ட்சர் என்ற இளம் போதகர், போதகர்களுக்கென்று இருந்த பழைய பாணிக் கோட்டைப் போட மறுத்தார். கூட்ட நடவடிக்கைகளை எழுதி வைக்க வேண்டும், எழுத்தில் சட்டதிட்டம் வேண்டும் என்றும் கேட்டார். பெரியவர்கள் இசையவில்லை. 1847 அக்டோபரில் அவர் பக்கத்தார் தனி மாநாடு கூட்டினார்கள்; பின்னாளில் கிழக்கு மாவட்டம் ஆனது அதுதான். கோட்டுக்கா இவ்வளவு சண்டை என்று தோன்றும். எனக்கென்னவோ, யார் பேச்சு செல்லும் என்பதுதான் உள்ளே இருந்த சண்டை. பென்சில்வேனியாவில் டீப் ரன் என்ற இடத்தில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு சபைகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது அந்த வடுதான். 2020இல் இரண்டு மாநாடுகளும் மொசைக் என்ற பெயரில் மறுபடி ஒன்றாகிவிட்டன.

அப்புறம் ஒன்று: இவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அந்தத் தேதியை வைத்துப் பிறந்த வருடத்தைக் கணக்கிடாதீர்கள். ஹார்லிஸ்வில்லில் உள்ள மெனோனைட் பாரம்பரிய மையத்துக்கு எழுதிக் கேளுங்கள்.