மனநலம் கேள்வி – பதில்: எச்சில் பரிசோதனை எதைச் சொல்லும்?

என் அப்பாவும் சித்தப்பாவும் தற்கொலையால் இறந்தவர்கள். எச்சிலைக் குப்பியில் அனுப்பினால் மரபணுவைப் பார்த்து ஆபத்து உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்களாமே? என் 2 பிள்ளைகளுக்கும் எடுத்துப் பார்க்கட்டுமா?
– வாசகி, தஞ்சாவூர்

வேண்டாம். காசுக்கும் கேடு, மனசுக்கும் கேடு.

தற்கொலை சில குடும்பங்களில் திரும்பத் திரும்ப நடப்பது உண்மைதான். வளர்ப்பா, ரத்தமா என்று டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளை வைத்து ஆராய்ந்தார்கள். 1979-இல் வெளியான முடிவு: தற்கொலையால் இறந்த தத்துப் பிள்ளைகளின் ரத்த உறவுகளிடையே தற்கொலை கூடுதலாக இருந்தது; வளர்த்த குடும்பத்தில் அப்படி இல்லை. இரட்டையர் ஆய்வுகள் மரபின் பங்கை 30 முதல் 55 சதவீதம் என்கின்றன.

ஆனால் 'தற்கொலை மரபணு' என்று ஒன்று கிடையாது. 2023-இல் வெளியான ஆய்வில், தற்கொலைக்கு முயன்ற 43,871 பேரை மற்ற 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். மரபுத்தொகுதியில், அதாவது ஒருவரின் மொத்த மரபணுத் தொகுப்பில், இதோடு தொடர்புள்ள 12 இடங்கள் பிடிபட்டன. ஒவ்வொன்றும் கூட்டும் ஆபத்து இம்மியளவுதான். இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சின்ன வேறுபாடுகளைக் கூட்டி ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். பெரிய கூட்டங்களை ஒப்பிட அது உதவும்; உங்கள் பிள்ளைகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 12 பேர் தற்கொலையால் இறக்கிறார்கள். நூற்றுக்கு 80 சரியாகச் சொல்லும் பரிசோதனை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம் (இல்லை). லட்சம் பேருக்கு எடுத்தால் அந்த 12 பேரில் 10 பேரைப் பிடிக்கும். கூடவே சுமார் 20,000 பேருக்கு வீணாக 'ஆபத்து' என்று முத்திரை குத்தும். தப்பிய 2 பேருக்கு 'பயமில்லை' என்று சான்றிதழும் கொடுத்துவிடும்!

இதைவிட உங்கள் குடும்ப வரலாறு பயன்படும். மூன்று தலைமுறைக்கு ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு என்ன மனநோய், எந்த வயதில் தொடங்கியது, எந்த மருந்து கேட்டது (குறிப்பாக லித்தியம்), குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி. 'தீராத வயிற்றுவலி' என்று ஊருக்குச் சொன்ன சாவுகளையும் விடாதீர்கள். அதை மனநல மருத்துவரிடம் கொடுங்கள். பிள்ளைகளின் தூக்கம், சாப்பாடு, பேச்சு 2 வாரத்துக்கு மேல் மாறிக் கிடந்தால், "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். பூச்சிமருந்து வீட்டில் வேண்டவே வேண்டாம். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் படிப்படியாகத் தடைசெய்தார்கள். அடுத்த 20 ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் இறங்கியது. அங்கே யாருடைய மரபணுவும் மாறவில்லை. அவசரம் என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416. எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.

மனச்சிதைவு நோய் 80 சதவீதம் பரம்பரை என்று படித்தேன். அண்ணனுக்கு இருக்கிறது. அப்படியானால் எனக்கு 80 சதவீதம் வாய்ப்பா?
– வாசகர், விருதுநகர்

இல்லை. அது ஒரு சமூகத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு மரபால் வருகிறது என்பதற்கான எண். தனி ஒருவருக்கான ஆபத்து அல்ல. பொதுவாக இந்த நோய் 100 பேரில் ஒருவருக்கு வரும். உடன்பிறந்தவருக்கு இருந்தால் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு. மரபணு முழுக்க ஒன்றாக உள்ள இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வருவது பாதிக்கும் குறைவு. கஞ்சாப் பக்கம் மட்டும் போகாதீர்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அது இரட்டிப்பு வினை.

அப்படியானால் மனநலத்தில் மரபணுப் பரிசோதனையே வீணா?
– வாசகி, கோவை

அப்படியும் இல்லை. வலிப்புக்கும் இருமுனை மனநோய்க்கும் தரும் கார்பமசெபின் மாத்திரையைத் தொடங்கும் முன் எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இருந்தால் தோல் கொப்பளித்து உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வரலாம், உயிரே போகலாம். ஆசிய வம்சாவளியினருக்கு இதைப் பார்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துத் துறை 2007-இல் எச்சரித்தது. முடிவு 'இல்லை' என்று வந்தாலும் முதல் 2, 3 மாதங்களில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

மனச்சிதைவு ஆராய்ச்சிக்கு என் மகன், நான், என் கணவர் மூவரின் ரத்தத்தையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, சென்னை

கொடுக்கலாம். ஆனால் மகனின் சிகிச்சை இதனால் மாறாது என்று தெரிந்து கொடுங்கள். 2022-இல் 76,755 நோயாளிகளை வைத்து மரபுத்தொகுதியில் 287 இடங்களைக் கண்டறிந்த ஆய்வில் பெரும்பாலும் ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளியினர். அங்கே போட்ட மதிப்பெண் நம்மவர்களுக்குச் சரியாகப் பொருந்தாது. சென்னையில் 3,092 பேரை வைத்துச் செய்து 2019-இல் வெளியான ஆய்வு, வைட்டமின் பி3-ஐ உடல் கையாளும் வழியில் உள்ள ஒரு மரபணுவைச் சுட்டியது. (அதற்காக பி3 மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள், ஆராய்ச்சி இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.)

மூவரிடமும் கேட்பது, பெற்றோரிடமிருந்து எது பிள்ளைக்கு வந்தது, எது வரவில்லை என்று பிரித்தறிய. இதில் ஒரு சங்கடமும் உண்டு: பெற்றோர் யார் என்பதும் தரவில் தெரிந்துவிடும். அதை வெளியே சொல்வார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். மாதிரி எத்தனை ஆண்டு இருக்கும், வெளிநாடு போகுமா, பெயரை நீக்கிக் குறியீடு போடுவார்களா, பின்னால் விலகலாமா என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடாவிட்டால் சிகிச்சை குறையும் என்று யாராவது சொன்னால், ஆராய்ச்சி முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவுக்குப் புகார் செய்யுங்கள். அவர்களைத் தொடர்புகொள்ளும் விவரம் அதே படிவத்தில் இருக்கும்.