ஃபேஸ் புல் (கேபிள் மெஷினின் கயிற்றை முகத்தை நோக்கி இழுக்கும் பயிற்சி) செய்தால் கழுத்துதான் பிடிக்கிறது, முதுகில் ஒன்றுமே தெரியவில்லை. எப்படிச் சரியாகச் செய்வது?

முதலில் எடையைப் பாதியாகக் குறையுங்கள். கழுத்து பிடிக்கிறது என்று படித்ததுமே எனக்குத் தோன்றியது இதுதான். நானும் ஓராண்டுக்கு மேல் இதே கழுத்துப் பிடிப்போடு செய்தவன். கேபிள் மெஷினில் எடையைத் தேர்ந்தெடுக்கும் பின்னை 35 கிலோவில் செருகிவிட்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பேன். கயிறு மார்புக்குத்தான் வரும், முகத்துக்கு வராது. பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி எடையை மேலே தள்ளுவது) போடும் நாட்களில் வலது தோளின் முன்பக்கம் குத்தும்.

ஒரு நாள் மாஸ்டர் வந்து, எதுவும் சொல்லாமல் பின்னை உருவி 10 கிலோவில் போட்டார். என் தோள்பட்டை எலும்புகள் இரண்டுக்கும் நடுவே ஒரு விரலை வைத்து, "கயித்தை மறந்துடு தம்பி, என் விரலை நசுக்கு" என்றார். பன்னிரண்டாவது ரெப்பில், அதாவது பன்னிரண்டாவது முறை இழுக்கும்போது, தோளின் பின்பக்கம் திகுதிகுவென எரிந்தது. 35 கிலோவில் ஒரு நாளும் அப்படி எரிந்ததில்லை.

காரணம் இதுதான். எடை அதிகமானால் தோள் தானாகக் காதை நோக்கி ஏறும். அப்போது கழுத்தோரம் இருக்கும் மேல் ட்ரபீசியஸ் தசை வேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நாம் வேலை கொடுக்க நினைப்பதோ தோளின் பின்பக்கத்திலுள்ள பின் டெல்டாய்டு, நடு முதுகின் ராம்பாய்டு, தோளை வெளிப்பக்கம் திருப்பும் இன்ஃப்ராஸ்பினேட்டஸ் போன்றவற்றுக்கு. இவற்றில் சில சின்னத் தசைகள். கனமாகக் கொடுத்தால் ஒதுங்கிவிடும்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். கப்பியை முகத்தின் உயரத்துக்கோ அதைவிடச் சற்று மேலேயோ வையுங்கள். கயிற்றைப் பிடிக்கும்போது கட்டைவிரல் இரண்டும் உங்களைப் பார்த்திருக்கட்டும். முனையிலுள்ள உருண்டை கட்டைவிரலில் இடிக்கும். மெஷினின் எடை பிளேட் மேலெழும்வரை பின்னால் போய், ஒரு காலை முன்னே வைத்து நில்லுங்கள். கயிற்றின் நடுப்பகுதி மூக்கை நோக்கி வர, கைகள் இரண்டு காதுகளுக்கும் வெளியே பிரிய வேண்டும். முழங்கை தோள் உயரத்தில் இருக்கட்டும். அந்த உயரத்தில் தோள் உறுத்தினால் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம்.

கடைசிக் கட்டத்தைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். இழுத்து முடிக்கும்போது மணிக்கட்டு முழங்கைக்கு மேலே இருக்க வேண்டும், கட்டைவிரல்கள் பின்சுவரைக் காட்ட வேண்டும். இரண்டு கையையும் மடக்கி புஜத்தைக் காட்டுகிற போஸ் மாதிரி இருக்கும். அங்கே ஒரு நொடி நிறுத்திவிட்டு, மூன்று நொடியில் மெதுவாக விடுங்கள். அப்படி விடும்போது தோள்பட்டை எலும்பும் முன்னால் போகட்டும்.

இதையே நின்றபடி டம்பெல்லில் செய்ய முடியாது. டம்பெல்லின் எடை எப்போதும் தரையை நோக்கித்தான் இழுக்கும். கேபிள் கப்பி வழியாக வருவதால் கடைசிவரை முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று, சில மெஷின்களில் கப்பி அமைப்பால் 20 கிலோ போட்டாலும் கைக்குப் பாதிதான் வரும். அதனால் இன்னொரு ஜிம்மில் போட்ட எண்ணை இங்கே அப்படியே போட வேண்டாம்.

15 ரெப் வீதம் 3 செட் (சுற்று) போதும். நான் முதுகுப் பயிற்சி செய்யும் நாளின் கடைசியில் செய்கிறேன். இடுப்பு பின்னால் சாய்ந்துகொண்டே இருந்தால் ஒரு முழங்காலை ஊன்றிச் செய்யுங்கள், சாய்வது பெரும்பாலும் நின்றுவிடும். வலி கைக்கு இறங்கினாலோ விரல் மரத்துப்போனாலோ இதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

நாளைக்கே போனைப் பக்கவாட்டில் வைத்து ஒரு செட்டை வீடியோ எடுங்கள். இழுத்து முடிக்கும் இடத்தில் மணிக்கட்டு முழங்கைக்குக் கீழே தொங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். தொங்கினால் இன்னும் ஒரு பிளேட் குறைக்க வேண்டும்.