ஃபர்ம்வேர் அப்டேட் பாதியில் நின்றுபோன சிந்தசைசரை மீட்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: மடிக்கணினியிலிருந்து மிடி (இசைக்கருவிகளையும் கணினியையும் இணைக்கும் முறை) வழியாக சிந்தசைசருக்கு ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள் மென்பொருள்) அப்டேட் அனுப்பினீர்கள், அது பாதியில் நின்றுவிட்டது, இப்போது ஆன் செய்தால் திரையில் எழுத்தே வருவதில்லை, சர்வீஸ் சென்டரில் மெயின் போர்டை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், வேறு வழி உண்டா? பெரும்பாலும் உண்டு. பாளையங்கோட்டையில் 14 ஆண்டுகளாகக் கீபோர்டு, ரிதம் பேட், மிக்ஸர் ஆகியவற்றைப் பழுது பார்த்து வருகிறேன். அப்டேட் நின்றதால் மட்டுமே இறந்துபோன கருவிகளை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்; நின்ற பிறகு பதற்றத்தில் யாரோ எதையோ செய்து, அதனால் இறந்தவையே அதிகம். அவற்றில் ஒன்று என் கையால் இறந்தது என்பதால், உங்கள் கேள்வியைக் கடந்து போக மனம் வரவில்லை.

உங்கள் கருவியை நான் நேரில் பார்க்கவில்லை என்பதையும், எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி வடிவமைப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொண்டே எழுதுகிறேன். வாரண்டிக் காலம் மீதமிருந்தால் தயவுசெய்து மூடியைத் திறக்காதீர்கள். கடையில் உட்கார்ந்திருப்பவன் பொறியாளர்களுக்குரிய யோசனைகளைச் சொல்லலாமா என்று யாராவது கேட்கக்கூடும். நான் ஐடிஐயில் எலெக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவு படித்தவன். கீழே சொல்லியிருப்பவை மல்ட்டிமீட்டரையும், கம்பியில் போகும் சைகைகளைப் பதிவு செய்து காட்டும் லாஜிக் அனலைசரையும் வைத்து நானே சோதித்துத் தெரிந்துகொண்டவை.

கருவிக்குள் என்ன நடந்திருக்கும் என்பதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ஃபர்ம்வேர் ஃப்ளாஷ் நினைவகத்தில் இருக்கிறது. அதில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, ஆன் செய்தவுடன் முதலில் ஓடுகிற சிறிய நிரலான பூட்லோடர். மற்றொன்று, ஒலியை உருவாக்கி, பட்டன்களைக் கவனித்து, திரையில் எழுதுகிற முதன்மை நிரல். ஃப்ளாஷில் பழைய எழுத்தின் மேல் புதிய எழுத்தை நேரடியாக எழுத முடியாது. முதலில் ஒரு பகுதியை மொத்தமாக அழித்து, ஒவ்வொரு பைட்டையும் எஃப்எஃப் என்ற வெற்று நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் புதியதை எழுத வேண்டும். ஆகவே அப்டேட் பாதியில் நின்றால் பழைய நிரலும் இருக்காது, புதியதும் முழுமையாக இருக்காது. ஆனால் சாதாரண அப்டேட்டில் பூட்லோடர் இருக்கும் பகுதியை யாரும் தொடுவதில்லை. அது உயிரோடு இருந்தால், கருவி இன்னொரு முறை அப்டேட்டை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிறது என்றே பொருள்.

2017இல் எனக்கு இது தெரியாமல் இல்லை, தெரிந்தும் அவசரப்பட்டேன். நண்பர் ஒருவரின் டிரம் மெஷின் இதேபோல் அப்டேட்டில் நின்றுபோய் வந்தது. உள்ளே கருவியை இயக்கும் சிப்பாக எஸ்டிஎம்32 வகை மைக்ரோகன்ட்ரோலர் இருந்தது. பட்டன்களை அழுத்தி பூட்லோடருக்குள் போக முயலாமல், போர்டிலேயே சோதனைப் புள்ளிகள் இருப்பதைக் கண்டு சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் எஸ்டி-லிங்க் புரோகிராமரை நேராக இணைத்துவிட்டேன். சிப் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது, பூட்டை நீக்கட்டுமா என்று மென்பொருள் கேட்டது. சரி என்று அழுத்தினேன். இந்தச் சிப்புகளில் முதல் நிலைப் பூட்டை நீக்கும்போது ஃப்ளாஷ் முழுவதும் தானாகவே அழிந்துவிடும். வேறொருவருடைய நிரலை எவரும் நகலெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். பூட்லோடரும் சேர்ந்து அழிந்தது. நிறுவனம் தந்த அப்டேட் கோப்பில் முதன்மை நிரல் மட்டுமே, அதுவும் மறைகுறியாக்கப்பட்ட வடிவில் இருந்தது. அதைத் திறக்கும் சாவி நான் அழித்த பூட்லோடருக்குள் இருந்தது. புதிய போர்டின் விலையில் பாதியை நான் கொடுத்தேன். நண்பர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில் உங்களுடையதைப் போன்ற ஒரு சிந்தசைசர் என் கடைக்கு வந்தது. எங்கள் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் மெல்லிசைக் கச்சேரிக்கு வாசிக்கும் தம்பி ஒருவர், அதை ஒரு போர்வையில் சுற்றிப் பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் அவருக்குக் கொடைக் கச்சேரி இருந்தது. "அண்ணாச்சி, போர்டு செத்துப்போச்சுன்னு சொல்லுதாவ, இருபத்தெட்டாயிரம் ஆவுமாம்" என்று சொல்லிவிட்டு, கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டி, இதில் வருவதுபோல் சிப்பின் பூட்டை நீக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். 2017இல் நான் அழுத்திய அதே பொத்தானை அழுத்தச் சொல்லும் காணொளி அது. அதை மட்டும் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

ஆன் செய்ததும் இரண்டு வரித் திரையின் மேல் வரியில் பதினாறு கறுப்புக் கட்டங்கள் வரிசையாக நின்றன, கீழ் வரி வெறுமையாக இருந்தது. இதைப் பார்த்துத்தான் பலர் போர்டு போய்விட்டது என்கிறார்கள். எனக்கோ அதைப் பார்த்ததும் நம்பிக்கை வந்தது. இந்த வகை எல்சிடி திரைக்கு மின்சாரம் சரியாக வந்து, ஆனால் எந்த நிரலும் அதற்கு இன்னும் கட்டளை கொடுக்காமல் இருந்தால், அது இப்படித்தான் காட்டும். 5 வோல்ட், 3.3 வோல்ட் இரண்டையும் மீட்டரில் பார்த்தேன், இரண்டும் சரியாக இருந்தன. பிறகு கையேட்டில் சொல்லியிருந்தபடி இரண்டு பட்டன்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தேன். திரை மாறவில்லை, ஆனால் ஓரத்தில் இருந்த சிவப்பு எல்இடி ஒன்று நிதானமாக மின்னத் தொடங்கியது. தம்பி அதைக் கவனிக்கக்கூட இல்லை. பூட்லோடர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு விளக்குதான் சாட்சி.

அவர் பயன்படுத்திய கேபிளையே இணைத்து அவருடைய மடிக்கணினியிலிருந்து மீண்டும் அனுப்பச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அனுப்பி முடித்தாகிவிட்டது என்று மென்பொருள் காட்டியது. கருவியில் விளக்கு பழையபடியே மின்னிக்கொண்டிருந்தது. எனக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது. 1983இல் மிடி வந்த காலத்திலிருந்து அந்த ஐந்து முள் இணைப்பின் வேகம் நொடிக்கு 31,250 பிட்கள்தான். ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், முடிவு பிட் எல்லாம் சேர்த்துப் பத்து பிட் செலவாகும். அதாவது நொடிக்கு 3,125 பைட்டுக்கு மேல் அந்தக் கம்பியில் போகவே முடியாது. அவருடைய அப்டேட் கோப்பு சுமார் 600 கிலோபைட். எப்படி அனுப்பினாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆக வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது என்றால், மடிக்கணினி கொட்டியதில் பெரும்பகுதி கருவிக்குப் போய்ச் சேரவே இல்லை.

குற்றவாளி அந்த யூஎஸ்பி மிடி கேபிள். இணையத்தில் 350 ரூபாய்க்கு வாங்கியது, பெயர் எதுவும் இல்லை. நோட்டுகளை வாசிக்கும்போது ஒவ்வொரு நோட்டுக்கும் மூன்று பைட்தான் போகிறது, அதை இந்தக் கேபிள் நன்றாகவே கடத்தும். அதனால்தான் ஒரு வருடமாக எந்தக் குறையும் தெரியவில்லை என்று தம்பி சொன்னார். ஃபர்ம்வேர் போவதோ சிஸ்எக்ஸ் செய்திகளாக. எஃப்0 என்ற பைட்டில் தொடங்கி எஃப்7இல் முடியும் நீளமான கட்டுகள் அவை. நடுவில் ஒரு பைட் தவறினாலும் அந்தக் கட்டின் சரிபார்ப்பு எண் பொருந்தாது, பூட்லோடர் அதை ஏற்காது. மலிவுக் கேபிளுக்குள் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடம் மிகக் குறைவு, நிரம்பியதும் மிச்சத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதைப் பிரித்துப் பார்த்தேன்: மிடி உள்வரும் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய ஆப்டோகப்ளர்கூட (இரு பக்கச் சுற்றுகளையும் நேரடியாக இணைக்காமல் ஒளி வழியாகச் சைகையைக் கடத்தும் பாகம்) வைக்கப்படவில்லை. பைட்டுகள் தொலைந்ததற்கு அது காரணம் இல்லை என்றாலும், எந்த அக்கறையில் அதைச் செய்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. விலை குறைந்த கேபிள்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபர்ம்வேர் அனுப்ப மட்டும் அவற்றை நம்பாதீர்கள்.

என்னிடம் உள்ள பழைய ஆடியோ இன்டர்ஃபேஸில் சரியான மிடி அவுட் இருக்கிறது. அதிலிருந்து கருவியின் மிடி இன்னுக்கு ஒரே ஒரு கம்பி, வேறு எதுவும் இணைப்பில் இல்லை. அனுப்பும் மென்பொருளில் ஒவ்வொரு கட்டுக்கும் இடையே 100 மில்லிநொடி இடைவெளி வைத்தேன். ஃப்ளாஷில் எழுதி முடிக்க பூட்லோடருக்கு அந்த அவகாசம் வேண்டும். மடிக்கணினி தூங்கிவிடாதபடி செய்து, கருவியின் அடாப்டரை யூபிஎஸ்ஸில் செருகினேன். ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனது. அந்த நேரம் முழுவதும் தம்பி மேசையின் ஓரத்தை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நின்றிருந்தார். சிவப்பு விளக்கு நின்றது, கறுப்புக் கட்டங்கள் மறைந்தன, பதிப்பு எண் திரையில் வந்தது. அவர் சேமித்துவைத்திருந்த ஒலிகளும் அப்படியே இருந்தன, ஏனென்றால் அந்தக் கருவியில் அவை வேறொரு சிப்பில் இருந்தன. எல்லாக் கருவிகளிலும் அப்படி அமையும் என்று எண்ண வேண்டாம்.

இதற்கு நான் 1,500 ரூபாய் கேட்டேன். குழுவின் முதலாளி தொலைபேசியில் அழைத்து, "பார்ட்ஸ் ஒண்ணுமே மாத்தலையே, எதுக்கு ஆயிரத்து ஐநூறு?" என்று கேட்டார். 28,000 ரூபாய்க்குப் போர்டு மாற்றச் சொன்ன இடத்தில் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எரிந்துபோன கப்பாசிட்டரைக் கையில் கொடுத்தால் காசு கொடுக்கிறார்கள், எதை மாற்றக் கூடாது என்று தெரிந்துவைத்திருப்பதற்குக் கொடுக்க மறுக்கிறார்கள். பெரிய சர்வீஸ் சென்டர்களில் வேலை செய்யும் பையன்களை நான் குறை சொல்லவில்லை. போர்டை மாற்று என்பதைத் தவிர வேறு வழிமுறையே அவர்களுக்குத் தரப்படுவதில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. விவசாயக் கருவிகள், கைபேசியும் மின்னணுப் பொருள்களும், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய துறைகளை அதற்கென எடுத்துக்கொண்டார்கள். இசைக்கருவிகளைப் பழுது பார்க்கும் எங்களுக்கு வேண்டியது சர்க்யூட் வரைபடமும், பூட்லோடர் அழிந்துபோனால் அதை மீண்டும் எழுத ஒரு வழியும் மட்டுமே. அவை கிடைத்திருந்தால் 2017இல் அந்த டிரம் மெஷின் பிழைத்திருக்கும்.

உங்கள் கருவிக்கு வருகிறேன். பூட்லோடருக்குள் போகும் பட்டன்கள் எவை என்று கையேட்டில் பாருங்கள். அதில் இல்லாவிட்டால் அப்டேட் கோப்போடு வந்த குறிப்பில் இருக்கும். விளக்கு மின்னினாலோ, யூஎஸ்பியில் இணைக்கும்போது கணினி ஏதோ ஒரு புதிய சாதனத்தைக் கண்டுகொண்டாலோ மூடியைத் திறக்கும் தேவையே இல்லை. கோப்பைப் புதிதாகத் தரவிறக்குங்கள். பென் டிரைவில் போடும் வகையாக இருந்தால் அதை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, கோப்பை எந்தக் கோப்புறைக்குள்ளும் வைக்காமல் வெளியிலேயே வையுங்கள். இரண்டாம் முறை தரவிறக்கும்போது பிரவுசர் பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்துவிடும், அந்தப் பெயரைக் கருவி தேடாது. இதற்காகவே என்னிடம் வந்த கீபோர்டுகள் மூன்று.

விளக்கே வராமல், மின்னழுத்தமும் சரியாக இருந்தால் மட்டும் அடுத்த நிலைக்குப் போகலாம். ஃபர்ம்வேர் எட்டுக் கால் கொண்ட தனி ஃப்ளாஷ் சிப்பில் இருந்தால், கிளிப் மாட்டி அதைப் படிக்க முடியும். சிஎச்341ஏ என்ற கறுப்புப் புரோகிராமர் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அதில் 3.3 வோல்ட் சிப்பின் தரவுக் கால்களுக்கு 5 வோல்ட் அனுப்பும் பதிப்பு பரவலாக விற்கிறது. மீட்டரில் பார்க்காமல் மாட்டாதீர்கள். எழுதுவதற்கு முன் சிப்பை இரண்டு முறை படித்து, இரண்டு கோப்புகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். போன வருடம் ஒரு ரிதம் பேடில் இப்படிப் படித்தபோது, முன்பாதி முழுக்க எண்கள் நிறைந்திருக்க, ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் பிறகு பக்கம் பக்கமாக எஃப்எஃப் என்றே இருந்தது. மின்சாரம் போன கணம் எதுவென்று அந்த இடத்தில் விரல் வைத்துச் சொல்லலாம். அதே மாடல் பேட் ஒன்றை வேறொரு குழுவிடம் ஒரு மாலை இரவல் வாங்கி, அதன் சிப்பைப் படித்து இதில் எழுதியதும் ஓடிவிட்டது.

நல்ல இன்டர்ஃபேஸ் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, இடைவெளி வைத்து இரண்டு முறை அனுப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் கேபிளோ மென்பொருளோ காரணம். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றால் கோப்பிலோ ஃப்ளாஷிலோ குறை இருக்கிறது. எத்தனை சதவீதத்தில் நின்றது, அப்போது எந்த விளக்கு எப்படி மின்னியது என்று இங்கே எழுதுங்கள், மாடல் பெயரோடு. சிப்பின் பூட்டு பற்றி எந்த மென்பொருள் கேட்டாலும் அதுவரை ரத்து செய்துவிடுங்கள்.