தேனீப் பையை வாங்கட்டுமா, அக்கா?

கேள்வி: அக்கா, என் மகனுக்கு ஒன்பதாவது மாதம் நடக்கிறது. தவழ ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் நெற்றியில் நாலு புடைப்பு. வீடு முழுக்க டைல்ஸ். குழந்தையின் முதுகில் மாட்டிவிடுகிற தேனீ பொம்மைப் பை ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன், தலையில் அடிபடாதாம். கணவர் வாங்கு என்கிறார், மாமியார் 'இதையெல்லாம் மாட்டியா நாங்கள் பிள்ளை வளர்த்தோம்' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, தாராபுரம்

பதில்: மாமியார் சொல்வதில் முக்கால் நியாயம், கணவர் சொல்வதில் கால். ஆனால் இரண்டு பேருமே பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை, அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பை. என் பேத்திக்கு யாரோ பரிசாகக் கொடுத்து எங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தது. பஞ்சு அடைத்த ஒரு வட்டத் தலையணை, இரண்டு இறக்கை, தோளில் மாட்ட இரண்டு பட்டை. குழந்தை நேராக மல்லாந்து விழுந்து, அந்த நேரம் பார்த்துத் தலையணையும் சரியான உயரத்தில் இருந்தால் பின்னந்தலைக்கு மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான். எங்கள் வீட்டு அம்மணி நாலு எட்டுத் தவழ்ந்ததும் அது ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். அவள் இடித்துக்கொண்டதெல்லாம் நெற்றியில், அதுவும் டீப்பாய் முனையில். உங்கள் மகனுக்கும் நாலு புடைப்பும் நெற்றியில்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பின்னே பின்னந்தலைக்கு எதற்குப் பை? உட்காரப் பழகுகிற ஆறேழு மாதத்தில், திடீர் திடீரென்று பின்னால் சாய்கிற நாட்களில் வேண்டுமானால் கொஞ்சம் உதவும். அதற்கும் சுற்றி ஒரு மெத்தையை விரித்தாலே போதும். வாங்கியே தீருவோம் என்றால் வாங்குங்கள், ஆனால் அதை மாட்டியபடி தூங்க விடாதீர்கள், மூச்சு முட்டும். பைதான் மாட்டியிருக்கிறோமே என்று நாம் கண்ணை எடுத்துவிடுவது அதைவிடப் பெரிய வம்பு. (நம் ஊர் வெயிலுக்குப் பேத்தியின் முதுகெல்லாம் வேர்க்குரு வந்தது தனிக் கதை.)

பிறந்த குழந்தையின் உடம்பு நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு தலைதான். வளர்ந்த நமக்கு எட்டில் ஒரு பங்கு. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்குக் கனம் அடியில் இருக்கிறது, இவர்களுக்கு உச்சியில். முன்னால் விழும்போது கையை ஊன்றிக்கொள்வது ஏழெட்டு மாதத்தில் வர ஆரம்பிக்கும், பின்னால் விழும்போது ஊன்றுவது இன்னும் பிந்தித்தான் வரும், அதையும் விழுந்து விழுந்துதான் பழக வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் குழுவினர் நடை பழகும் குழந்தைகளை விளையாட விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், 2012இல் வெளியான ஆய்வு அது: மணிக்குச் சராசரியாக 2,368 அடி எடுத்து வைக்கிறார்கள், 17 தடவை விழுகிறார்கள். மணிக்கு! தானாக நின்ற உயரத்திலிருந்து தரையில் விழுவது பெரும்பாலும் ஒரு அழுகையோடு முடிந்துவிடும். நெற்றியில் தோலுக்கு அடியிலேயே எலும்பு, ரத்தக் குழாயும் அதிகம், அதனால் ரத்தம் கசிந்தால் வெளிப்பக்கமாகத்தான் புடைக்கும். நெல்லிக்காய் அளவுக்கு வீங்குவதைப் பார்த்து நமக்குக் குலை நடுங்குகிறது. இரண்டு நாள் கழித்து அந்த ரத்தம் இறங்கிக் கண் இமை நீலம் பாரித்தாலும் பயந்துவிடாதீர்கள்.

இப்போது பார்க்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக் கட்டில்.

குழந்தைகள் வார்டில் இருபது வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். 'தவழும்போது இடித்துக்கொண்டான்' என்று வருகிறவர்களைப் பார்த்து நாங்கள் பதறியதில்லை. கட்டிலிலிருந்து, தூளியிலிருந்து, மாடிப்படியிலிருந்து, பெரிய பிள்ளையின் இடுப்பிலிருந்து, பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்திருந்தோம் என்று வந்தால்தான் டாக்டரின் முகம் மாறும். இவ்வளவும் தெரிந்த நானே, என் சின்னவன் எட்டு மாதமாக இருந்தபோது கொடியிலிருந்து துணி எடுக்க ஒரு தடவை திரும்பினேன், தொம்மென்று சத்தம். சுற்றிலும் தலையணை அடுக்கித்தான் வைத்திருந்தேன், அவன் அதையே ஏணியாக்கிக்கொண்டான். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே கட்டிலைக் கழற்றி மாடியில் போட்டோம், இரண்டு வருஷம் எல்லோருக்கும் தரையில் மெத்தைதான், முழங்கால் வலிக்காரரான மாமனாரைத் தவிர.

பைக்கான காசை மிச்சம் பிடித்துவிட்டு இன்று சாயங்காலம் நீங்களும் கணவரும் ஒரு தடவை முழங்காலிட்டு வீடு முழுக்கத் தவழுங்கள், அவன் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று புரியும். டீப்பாயைக் கொஞ்ச நாள் பரணில் ஏற்றுங்கள். டிவியையும் புத்தக அலமாரியையும் சுவரோடு சேர்த்து முடுக்குங்கள், பிடித்து எழுந்திருக்க அவனுக்கு அதுதான் கிடைக்கும். மேசை விரிப்பை எடுத்துவிடுங்கள், ஒரு இழுப்பில் அயர்ன் பாக்ஸ் தலையில் வந்து விழும். டைல்ஸில் சாக்ஸ் வேண்டாம், வெறுங்கால்தான் பிடிமானம். மாப் போட்ட ஈரம் காயும்வரை கீழே விடாதீர்கள். எண்ணெய்க் குளியல் அன்றைக்கு உள்ளங்காலைத் துடைத்துவிட்டு விடுங்கள், இதை ஏனோ யாரும் யோசிப்பதில்லை. மாடிப்படி இருந்தால் மேலேயும் கீழேயும் தடுப்பு வேண்டும்.

கேள்வி: பதினொரு மாதப் பேரன் நாற்காலியைப் பிடித்து நின்று சறுக்கி நெற்றியில் இடித்துக்கொண்டான். என் மனைவி தேங்காய் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டாள், தூங்கவே விடக் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்ல, ராத்திரி முழுக்க விழித்திருந்தோம். செய்தது சரியா?
- வாசகர், மேலூர்

பதில்: பாவம், மூன்று பேருக்கும் தூக்கம் போனதுதான் மிச்சம். புடைப்பைத் தேய்க்கக் கூடாது ஐயா, தேய்த்தால் வீக்கம் கூடும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் விட்டு விட்டு ஒற்றுங்கள். அழுது முடித்து, பால் குடித்து, பழையபடி விளையாடிய குழந்தை, அவன் வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் தூங்கலாம். இடையில் இரண்டொரு தடவை தொட்டு அசைத்துப் பாருங்கள், முனகிவிட்டுத் திரும்பிப் படுத்தால் சரி.

ஆனால் இதையெல்லாம் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்: விழுந்ததும் ஒரு கணமாவது நினைவு தப்பியது, வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத மந்தம், தேற்றவே முடியாத அழுகை, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் போலக் கசிவு, கண்மணி ஒன்று பெரிதும் ஒன்று சின்னதுமாக இருப்பது, அழாமல் நிமிர்ந்து இருக்கும்போதும் உச்சிக்குழி உப்பி நிற்பது. 108க்குப் போன் செய்யுங்கள். புடைப்பு நெற்றியில் இல்லாமல் காதுக்கு மேலேயோ பின்னந்தலையிலோ கொழகொழவென்று இருந்தாலும், மூன்றடிக்கு மேலான உயரத்திலிருந்து விழுந்திருந்தாலும், மூன்று மாதம் ஆகாத பச்சைக் குழந்தையாக இருந்தாலும், வெளியே ஒன்றும் தெரியாவிட்டால்கூட டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். எப்போதும் பார்க்கிற உங்களுக்கு 'இவன் இவனாக இல்லையே' என்று பட்டால் அதுவே போதுமான காரணம், தயங்காமல் போய்ச் சொல்லுங்கள்.

கேள்வி: சீக்கிரம் நடப்பாள் என்று சக்கரம் வைத்த வாக்கர் வாங்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம். அதில் உட்கார்ந்து நுனிக்காலால் உந்துவது நடை இல்லை, சீக்கிரம் நடக்கவும் வைக்காது. கண் மூடித் திறப்பதற்குள் படிக்கட்டுக்கோ அடுப்பங்கரைக்கோ போய்விடும். கனடாவில் 2004இலேயே விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள், பழையதை விற்பதும் அங்கே குற்றம். நம் பழைய மூன்று சக்கர மர நடைவண்டி அதைவிடத் தேவலை, சொந்தக் காலில் நின்று தள்ள வேண்டும், ஆனாலும் கூடவே ஆள் நிற்க வேண்டும். பரணிலிருந்து இறக்குகிறீர்கள் என்றால் ஆணி எங்காவது துருத்திக்கொண்டிருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள்.