நான்குக்கு ஒன்று, ஆறுக்கு எவ்வளவு?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கென்றாலே அவள் முகம் சுண்டிவிடுகிறது. வீட்டு வேலைகளின் வழியே கணக்கைப் பழக்கலாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்து முயன்று பார்த்தேன். கடைக்குப் போனால் மீதி எவ்வளவு என்று கேட்பேன். பூரி இட்டால் ஆளுக்கு எத்தனை என்று கேட்பேன். இப்போது என்னோடு கடைக்கே வரமாட்டேன் என்கிறாள். நேற்று, கால் பெரிதா எட்டில் ஒன்று பெரிதா என்று கேட்டேன். "எட்டுதானே பெரியது" என்றாள். நான் எங்கே தவறுகிறேன்?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர. அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் "கேட்பேன்" என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. மீதி எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். பள்ளியில் பட்டது போதாதென்று காய்கறிக் கடையிலும் பரீட்சை வைத்தால் எந்தக் குழந்தை உடன் வரும்? கேள்வியை விட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள். 200 ரூபாயையும் பட்டியலையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் பையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வெண்டைக்காய் அரைக் கிலோ வாங்கினால் தக்காளிக்குப் பணம் மிஞ்சுமா என்பது அப்போது அவளுடைய கவலையாகிவிடும்.

என் பேத்திக்கும் உங்கள் மகள் வயதுதான். சனிக்கிழமைகளில் இட்லிக்கு ஊறப்போடுவது அவள் பொறுப்பு. எங்கள் வீட்டில் 4 டம்ளர் அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து. ஒருமுறை விருந்தினர் வருவதாக இருந்ததால் 6 டம்ளர் அரிசி அளந்து போட்டாள். பிறகு உளுந்து டப்பாவைத் திறந்து, 3 டம்ளர் அளக்கப் போனாள். அரிசியில் இரண்டு கூடியதால் உளுந்திலும் இரண்டு கூட வேண்டும் என்பது அவள் கணக்கு. இந்த வயதில் மிக இயல்பான பிழை இது. அதற்குள்ளும் ஒரு நியாயம் இருக்கிறது.

அவள் பாட்டி, "போன வாரம் 2 டம்ளர்தானே போட்டோம், அப்போது உளுந்து எவ்வளவு போட்டாய்?" என்றாள். "அரை டம்ளர்" என்றவள், டம்ளரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். அரிசியில் இரண்டு குறைந்ததற்கு உளுந்திலும் இரண்டைக் குறைத்திருந்தால் உளுந்தே இருந்திருக்காதே! நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாலுக்கு ஒன்று, ரெண்டுக்கு அரை. அப்படியானால் ஒன்றரை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அளந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் நாம் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை. விகிதம் என்ற சொல்லை இன்றுவரை நான் அவளிடம் சொன்னதில்லை.

இனி உங்கள் மகள் சொன்ன விடை. எட்டில் ஒன்று என்றால் குழந்தையின் காதில் எட்டுதான் விழும். தமிழில் அதற்கு அரைக்கால் என்றொரு அருமையான பெயர் இருக்கிறது. அரைக்கால் என்றால் காலில் அரை. எது சிறியது என்பது பெயரிலேயே இருக்கிறது. அதிலும் பாதி வீசம், பதினாறில் ஒன்று. அந்தக் காலத்து எண்சுவடியில் முந்திரி என்ற 320-இல் ஒரு பங்குக்கும் பெயர் உண்டு. இத்தனை அழகான சொற்களைப் புழக்கத்திலிருந்து விட்டுவிட்டோமே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அடை வார்க்கும் அன்று பங்கு போடும் வேலையை அவளிடம் கொடுங்கள். வெட்டுகிறவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்பது மட்டும் விதி. அரையும் காலும் அரைக்காலும் எவ்வளவு துல்லியமாக வருகின்றன என்று பாருங்கள்.

மார்கழியில் கோலம் போடுவீர்களானால் 7 புள்ளி, இடுக்குப்புள்ளி 4 வரை வைக்கச் சொல்லுங்கள். மொத்தம் 37 புள்ளி வரும். எண்ணச் சொல்லாதீர்கள், அவளாக எண்ணட்டும்.

இதனாலெல்லாம் வாய்ப்பாடு வேண்டாம் என்றாகிவிடாது. அது மனப்பாடமாகத்தான் வர வேண்டும்.

இந்த வாரம் மாவு வேலையை அவளிடம் விட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் எத்தனைக்கு ஒன்று என்று எனக்கும் எழுதுங்கள். அரிசிக்கு அரிசி, வீட்டுக்கு வீடு அது மாறும்.