கணினி மூலை: மந்திர மேசையில் என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி: மைன்கிராஃப்ட் கணினி ஆட்டத்தில், கருவிகளுக்கு மந்திர சக்தி ஏற்றும் மந்திர மேசையைத் திறந்தால் கோடும் புள்ளியுமாக ஏதோ எழுத்து வருகிறது. சிறு வயதில் அண்ணனின் கணினியில் இதையே பார்த்த ஞாபகம். எனக்குத்தான் குழப்பமா? என் மகன் இதைப் படிக்கக் கற்றால் ஆட்டத்தில் லாபம் உண்டா?
– வாசகி, செந்தூல்

பதில்: குழப்பமே இல்லை அம்மா, அதே எழுத்துதான். 1990 டிசம்பரில் வந்த 'கமாண்டர் கீன்' ஆட்டத்துக்காக டாம் ஹால் உருவாக்கியது. எட்டு வயதுப் பையன் ஒருவன் அண்ணனின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு செவ்வாய்க்குப் போவானே, அதுதான். எழுத்தின் பெயர் 'ஸ்டாண்டர்ட் கேலக்டிக் ஆல்ஃபபெட்'. பெயர்தான் பெரிது. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கும் ஆளுக்கொரு குறி, அவ்வளவே.

எங்கள் வீட்டுக்கு அது மாமா ஜாலான் இம்பி பக்கம் வாங்கி வந்த டிஸ்கெட்டில் வந்தது. முதல் பாகம் மட்டும். அது ஷேர்வேர், யாரும் யாருக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம். அடுத்த இரண்டுக்கும் காசு கட்ட வேண்டும். முழு எழுத்துப் பட்டியலையோ மூன்றாம் பாகத்தின் ரகசிய இடம் ஒன்றில் ஒளித்து வைத்திருந்தார்கள்! எங்கள் வரிசை வீடுகளில் எல்லாப் பிள்ளைகளிடமும் புதிர் இருந்தது, விடை யாரிடமும் இல்லை.

என் அக்காதான் வழி கண்டுபிடித்தாள். வெள்ளி (ரிங்கிட்) நோட்டில் 'பேங்க் நெகாரா மலேசியா' என்று ரூமியிலும் (மலாயை எழுதும் ரோமன் எழுத்து) இருக்கும், ஜாவியிலும் (மலாயை எழுதும் அரபு எழுத்து) இருக்கும். தமிழ்ப்பள்ளியில் எங்களுக்கு ஜாவி கிடையாது. ஆனாலும் அவள் இரண்டையும் பக்கத்தில் வைத்து, வலப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பொருத்திப் பார்த்திருக்கிறாள். என்ன எழுதியிருக்கும் என்று முன்பே தெரிந்த ஓர் இடம் கிடைத்தால் போதும் என்பது அவள் கட்சி. அப்புறம் ஆட்டத்தில் வரும் பலகைகளைக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரைந்து, இந்த இடத்தில் பலகை வைத்தால் நாமே என்ன எழுதுவோம் என்று கேட்க ஆரம்பித்தாள். ஒரு சொல் விழுந்தால் அதன் எழுத்துகள் அடுத்த சொல்லைத் திறக்கும்.

எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் புத்தகங்கள் சொல்லும் முறை. 9ஆம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் அல்-கிந்தி அதை எழுதி வைத்துவிட்டார். ஆங்கிலம் என்றால் 'இ' (E) முன்னால் நிற்கும். ஆனால் அதற்கு நீளமான கடிதம் வேண்டும். இரண்டு சொல் பலகையில் எதை எண்ணுவது? அங்கே அக்காவின் முறைதான் செல்லும்.

சரி, லாபம்? இல்லை. மேசையில் வரும் சொற்கள் ஒரு பட்டியலிலிருந்து கண்டபடி எடுக்கப்படுபவை. கிடைக்கப்போகும் மந்திரத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. சுட்டியை மேலே கொண்டுபோனால் ஒரு மந்திரத்தின் பெயர் சாதாரண எழுத்திலேயே தெரியும். ஆனாலும் படிக்கட்டும். அந்தப் பட்டியலில் 'எக்ஸ்-ஒய்-இசட்-இசட்-ஒய்' என்று ஒன்று இருக்கிறது. 1970களில் வந்த 'கொலோசல் கேவ் அட்வெஞ்சர்' ஆட்டத்தின் மந்திரச் சொல் அது. படம் எதுவும் இல்லாமல், வெறும் எழுத்திலேயே ஆடிய ஆட்டம்.

கேள்வி: தமிழுக்கு இப்படி ரகசிய எழுத்து செய்ய 247 குறி வேண்டுமா, ஐயா?
– இரண்டாம் படிவ மாணவன், பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம் தம்பி, கை வலிக்கும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று: 31 போதும். 'ஜாலான்', 'ஜொகூர்' எழுத 'ஜ'வுக்கும் ஒன்று சேர்த்துக்கொள். உயிர்மெய்யைப் பிரித்து எழுது: 'அக்கா' என்றால் அ, க், க், ஆ.

ஆனால் இங்கேதான் மாட்டிக்கொள்வாய். க்க, த்த, ப்ப இல்லாமல் தமிழில் ஒரு வரிகூட நகராது. ஒரே குறி அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால், பார்ப்பவன் அது வல்லினமாக இருக்கலாம் என்று முதலில் அங்கேதான் கை வைப்பான். இரட்டிப்புக்கென்று தனிக் குறிகள் வைத்துவிடு. சொற்களுக்கு நடுவே இடமும் விடாதே. இடம் விட்டால் கடைசியில் வரும் 'ம்' காட்டிக்கொடுத்துவிடும்.