வார்டில் போதைப் பழக்கம்: கண்காணிப்பாளர்கள் கேட்டவையும் என் பதில்களும்

பல வருடம் நர்ஸிங் கண்காணிப்பாளராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி: ஒரு நர்ஸ் மேல் சந்தேகம். வாடையும் இல்லை, தள்ளாட்டமும் இல்லை. எதைப் பார்ப்பது?

வாடையைத் தேடினால் குடிப்பவர்தான் அகப்படுவார். ஃபெண்டானில், பெத்திடின் போன்ற வலி ஊசியோ, மிடசோலம் என்ற மயக்க ஊசியோ எடுப்பவரிடம் அது இருக்காது. நார்காட்டிக் ரெஜிஸ்டரை, அதாவது போதை தரும் மருந்துகளின் கணக்கேட்டை எடுங்கள். மீதி மருந்தைக் கொட்டியதற்குச் சாட்சிக் கையெழுத்து இருக்குமே, அதைப் பாருங்கள். ஒருமுறை நான் புரட்டியபோது பதினொரு நாள் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு. சாட்சி நர்ஸ் தோழியை நம்பி மொத்தமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்! கொட்டியதை யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் நோயாளிகளைக் கேளுங்கள். ஊசி போட்டதாகப் பதிவு இருக்கும், வலி மட்டும் குறைந்திருக்காது, அதுவும் அந்த ஒருவருடைய ஷிப்டில். லீவு நாளில் வார்டுக்கு வருவது, வெயிலிலும் முழுக்கை போடுவது எல்லாம் துணைக்குறிகள்தான். முழுக்கைக்குத் தோல் நோய்கூடக் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: அவர் எங்கள் வார்டிலேயே நல்ல வேலைக்காரர். கூடுதல் டியூட்டியும் தானே கேட்டு வாங்குவார். அவரா?

இருக்கலாம். வீடும் நட்பும் முதலில் கெடும், வேலை கடைசியில்தான் கெடும். மருந்து கிடைக்கிற இடத்தை யார் சீக்கிரம் விடுவார்?

கேள்வி: கூப்பிட்டு எப்படிப் பேசுவது?

தனியாகப் பேசாதீர்கள், இன்னொருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். "போதை எடுக்கிறீர்களா?" என்று ஆரம்பித்தால் "இல்லை" என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "12ஆம் தேதி இரவு இரண்டு ஆம்பியூல் (ஊசி மருந்துக் குப்பி) எடுத்திருக்கிறீர்கள். அந்த நோயாளி அதற்கு முன்பே டிஸ்சார்ஜ். என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் கஷ்டம், நானே பலமுறை இடையில் பேசிக் கெடுத்திருக்கிறேன்.

டியூட்டியிலேயே போதை மயக்கத்தில் இருந்தால் முதலில் நோயாளிகளிடமிருந்து விலக்குங்கள், பேச்சு பிறகு. வெள்ளி மாலையில் கூப்பிட வேண்டாம், சனி ஞாயிறில் உதவிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். எங்கே சிகிச்சை என்று முன்பே பேசி வையுங்கள். தனியாக மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். மாட்டிக்கொண்ட அந்த நேரத்தில்தான் தற்கொலை ஆபத்து அதிகம். மருத்துவரிடமோ குடும்பத்தாரிடமோ நேரில் ஒப்படையுங்கள்.

கேள்வி: சத்தமில்லாமல் ராஜினாமா வாங்கிவிட்டால் என்ன?

அடுத்த ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிடுவதாகும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 2012இல் ஒரு டெக்னீஷியன் பிடிபட்டார். நோயாளிக்கு வைத்திருந்த ஃபெண்டானிலைத் தனக்குப் போட்டுக்கொண்டு, அதே சிரிஞ்சில் உப்புநீரை நிரப்பி வைத்திருக்கிறார். அவருக்கு இருந்த ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்று முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குத் தொற்றியது. அதற்கு முன் பல மாநில ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவர், சிலவற்றில் பிரச்சினை செய்து வெளியேறியவர். 2013இல் 39 ஆண்டு சிறைத்தண்டனை.

கேள்வி: சிகிச்சை முடிந்து வந்தால் நம்பலாமா?

கண்காணிப்போடு நம்பலாம். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சைக்கு வந்த 904 மருத்துவர்களைப் பின்தொடர்ந்தது. ஐந்து ஆண்டு கழித்து, விவரம் கிடைத்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் லைசென்ஸோடு வேலையில் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குச் சொல்லாமல் வரும் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. திரும்பி வரும் நர்ஸுக்கு ஆரம்ப மாதங்களில் நார்காட்டிக் அலமாரிச் சாவியும் இரவு டியூட்டியும் வேண்டாம்.

கேள்வி: பார்க்காமலே சாட்சிக் கையெழுத்துப் போட்டவரை என்ன செய்வது?

திட்டுங்கள், எழுத்தில் எச்சரியுங்கள். ஆனால் இரவில் ஒரே நர்ஸ் நிற்கும் வார்டில் சாட்சிக்கு யார் வருவார்? அந்த ஆளைக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான்.